அம்மாவின் சனிக்கிழமைகள்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வீட்டுக்கு வந்து, படையலில் கலந்துகொண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆகவே இதை எழுத வேண்டியவனும் நான்தான். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மோட்டார் பம்புகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பழுது என்ன, எப்போது தொடங்கியது, என்ன செய்யப்பட்டது என்று அறிக்கை எழுதியிருக்கிறேன். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அம்மா தாராபுரத்துக்குப் பக்கத்தில், அமராவதித் தண்ணீர் பாயும் ஒரு சிற்றூரில் பிறந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பது வயதில் திருமணமாகிக் கோவையை ஒட்டிய போத்தனூருக்கு வந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா நெஞ்சுவலியால் காலமானார். பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் அம்மாவுக்கு ரயில்வே அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. அதுவரை கடைவீதிக்குக்கூடத் தனியாகப் போயிராதவர், அப்பாவின் காரியம் முடிந்த ஆறாம் மாதம் கைப்பையில் சோற்று டப்பாவை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். கோப்புகளை மேசைக்கு மேசை கொண்டுபோய்க் கொடுப்பது, தபால் பிரிப்பது, அதிகாரிகளுக்குத் தண்ணீர் வைப்பது எல்லாம் அவர் வேலை. ஓய்வு பெறும்வரை ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்தபோது சொன்னார்கள்.

அந்தச் சம்பளத்தில் நான் பாலிடெக்னிக் படித்தேன். அம்மா எங்கும் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பார், வாரத்துக்கு வேண்டிய மாவு ஆட்டுவார், ரேஷன் கடைக்குப் போவார். உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கி வாருங்கள் என்றால், "வாரத்துல ஒரு நாளு லீவு சாமி. அதுல எங்க போறது?" என்பார். ஊட்டி எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா ஊட்டியைப் பார்த்ததில்லை.

இதுவரை எழுதியது உங்களுக்குத் தெரிந்தது. இனி எழுதுவது பலருக்கு அரைகுறையாகத் தெரியும். சிலர் வேறுவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மாவின் கடைசி மூன்று ஆண்டுகளைப் பற்றி எழுத வேண்டுமானால் என்னைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எனக்கும் என் மனைவிக்கும் ஒத்துவரவில்லை. போத்தனூர் வீட்டில் அம்மாவுடன் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகு, இருவரும் சம்மதித்து நீதிமன்றத்தில் பிரிந்தோம். மகள் கயலுக்கு அப்போது ஒன்பது வயது. மகன் ஆதவனுக்கு ஐந்து. குழந்தைகள் தங்கள் தாயாருடன் வடவள்ளியில் உள்ள அவருடைய பெற்றோர் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாதம் இருமுறை நான் போய்க் குழந்தைகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. மூன்றாவது முறை போனபோது, கயலை வேறு பள்ளியில் சேர்க்கும் பேச்சு வந்தது. நான் குரலை உயர்த்தினேன். கையில் இருந்த டம்ளரைத் தரையில் போட்டு உடைத்தேன். ஆதவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. நான் தெருமுனை தாண்டிய பிறகுதான் வெளியே வந்தானாம்.

கொஞ்ச நாளைக்கு வரவும் வேண்டாம், தொலைபேசியில் பேசவும் வேண்டாம் என்று குழந்தைகளின் தாயார் கேட்டுக்கொண்டார். நான் என் நிறுவனத்தில் கேட்டு நாகபுரிக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். வேலை காரணமாகப் போனேன் என்று உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது சரியான தகவல் அல்ல.

நான் போன இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், அம்மா என்னிடம் சொல்லாமல் இரண்டு பேருந்து மாறி வடவள்ளிக்குப் போனார். அங்கே நடந்ததை அம்மாவும் பின்னாளில் சொன்னார். குழந்தைகளின் தாயாரும் சொன்னார். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அவங்க சொல்லி வந்தீங்களா அத்தை?"

"இல்லீங்க அம்மணி. அவனுக்குத் தெரியாது. நானாத்தான் வந்தேன்."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார். அம்மா மோரைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நான் ஞாயம் பேச வரலை கண்ணு. யாரு செஞ்சது செரி, யாரு செஞ்சது தப்புன்னு பேசறதுக்கு எனக்குத் தெம்பில்லை. வாரத்துல ஒருநாள் அந்தப் பசங்களை எனக்குக் குடு. கூட்டிட்டுப் போயிட்டுப் பொழுதோட கொண்டாந்து உட்டர்றேன்."

அதற்குக் குழந்தைகளின் தாயார் மூன்று விஷயங்களைச் சொன்னார். குழந்தைகளைப் போத்தனூர் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. என்னுடன் தொலைபேசியில் பேசவைக்கக் கூடாது. மாலை ஐந்தரைக்குள் வந்துவிட வேண்டும்.

"ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, அங்கியே இருக்கறேன்னு ஆதவன் அழுவானுங்க அத்தை. இங்க வந்து மூணு மாசம் தூங்காம இருந்தான். இப்பத்தான் ஒரு வழியாத் தூங்கறான். தப்பா நெனைச்சுக்காதீங்க."

"இதுல தப்பென்ன இருக்குது? நீ சொல்ற மாதிரியே செஞ்சுக்கறேன்" என்றார் அம்மா.

அம்மாவின் ஊர்சுற்றல் இப்படித்தான் தொடங்கியது. அறுபத்திரண்டு வயது. இரண்டு பேரக்குழந்தைகள். காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரை நேரம் இருந்தது. போவதற்கு ஒரு வீடு மட்டும் இல்லை.

முதல் சனிக்கிழமை நன்றாக நடக்கவில்லை. வந்த பேருந்தில் ஏறி உக்கடம் போய், பெரியகுளத்துக் கரையில் உட்கார்ந்தார்கள். உச்சி வெயில். ஆதவனுக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும்; இடம் தெரியவில்லை. கயல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மணிக்கே திரும்பிவிட்டார்கள். அன்று என்னிடம் முதல்முறையாக அம்மா விஷயத்தைச் சொன்னார். "வெளிய போறதுன்னா எப்படிப் போறதுன்னே எனக்குத் தெரியலை சாமி. பாவம், பசங்க காஞ்சு போச்சுங்க" என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஏன் என்னிடம் கேட்காமல் போனீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அலுவலக வேலையைக் கற்றுக்கொண்டது போலவே அம்மா இதையும் கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை தனியாகக் கிளம்பிப்போய், மறுநாள் போகவேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். எந்தப் பூங்காவில் கழிப்பறை பூட்டாமல் இருக்கும், எந்தப் பேக்கரியில் நெடுநேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், எந்தப் பேருந்தின் முன் இருக்கையில் காற்று வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று. பின் இருக்கையில் உட்கார்ந்தால் ஆதவனுக்கு வாந்தி வரும். ஆகவே பேருந்து நிலையத்திலேயே ஏறி முன்னால் இடம் பிடிப்பார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அம்மாவுக்கும் கயலுக்கும் நடத்துநர் இலவசச் சீட்டுக் கொடுப்பார். ஆதவனுக்கு மட்டும் காசுச் சீட்டு. "நம்ம மூணு பேருத்துல இவன் ஒருத்தன்தான் காசு குடுத்து வாற பெரிய மனுசன்" என்று அம்மா சொல்ல, அவன் அந்தச் சீட்டை இறங்கும்வரை சட்டைப்பையில் கை வைத்துப் பாதுகாப்பானாம்.

குளத்தில் நீந்தும் நாமக்கோழிகளைப் பார்த்தார்கள். பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகச் செவ்வந்தி கொட்டுவதைப் பார்த்தார்கள். மருதமலையில் ஒருமுறை படியேறினார்கள். அடுத்த முறையிலிருந்து கோயில் பேருந்து. பானி பூரியை அம்மா வாழ்க்கையில் முதல்முறை சாப்பிட்டது அறுபத்துமூன்றாம் வயதில், பேத்தி வாய் திறக்கச் சொல்லி ஊட்டிவிட்டபோதுதான். மழை வந்தால் நூலகம். கயல் படிப்பாள். ஆதவனை மடியில் வைத்துக்கொண்டு அம்மா படம் போட்ட புத்தகங்களைப் பார்ப்பார்.

நகரும் படிக்கட்டைப் பற்றிக் கயல் எனக்குப் பிறகு சொன்னாள். ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போயிருக்கிறார்கள். படிக்கட்டின் முன்னால் போய் அம்மா நின்றுவிட்டார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"நீங்க போங்க கண்ணு. நான் இங்கியே நிக்கறேன். கால் மாட்டிக்கும்."

"மாட்டாது அப்பத்தா. மஞ்சக் கோட்டுக்கு நடுவுல கால் வெச்சாப் போதும்" என்று ஆதவன் கையை நீட்டியிருக்கிறான். பின்னால் நின்ற ஒருவர், "நிதானமா ஏறுங்கம்மா, அவசரமில்லை" என்றிருக்கிறார். அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டே ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தார். இரண்டு கடை தள்ளி நடந்த பிறகு, "ஏங்கண்ணு, இன்னொருக்கா போலாமா?" என்று கேட்டாராம். அன்று கடை எதற்குள்ளும் அவர்கள் நுழையவில்லை. நான்கு முறை ஏறி, நான்கு முறை இறங்கிவிட்டு வந்தார்கள்.

இதையெல்லாம் அம்மா என்னிடம் ஞாயிற்றுக்கிழமைதான் சொல்வார். ஒரு சனிக்கிழமை மதியம், நாகபுரியில் விடுமுறையில் சும்மா இருந்தபோது, நானாக அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னணியில் ஆதவனின் குரல் கேட்டது. "அப்பத்தா, இங்க பாருங்க" என்று எதையோ காட்டிக்கொண்டிருந்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். "அவன்கிட்டக் குடுங்கம்மா" என்றேன். "அப்பறம் கூப்படறேன் சாமி" என்று அம்மா வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மறுநாள் நான் அம்மாவிடம் பேசிய பேச்சை இங்கே முழுவதும் எழுதவில்லை. "நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?" என்று கேட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "பேச வெக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன் சாமி. நேத்து உன்கிட்டப் போனைக் குடுத்திருந்தா, அடுத்த வாரம் அந்தப் பசங்க எனக்குக் கெடையாது. எனக்கில்லைன்னா உனக்கும் என்னைக்கும் கெடையாது" என்றார். பிறகு வழக்கம்போலச் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் நான் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஆதவன் ரயிலில் போக வேண்டும் என்று அடம் பிடித்தான். கோவை சந்திப்பிலிருந்து ஏறி, போனதும் திரும்பிவிடக்கூடிய பக்கத்து நிலையம் போத்தனூர்தான். அம்மா யோசித்திருக்கிறார். பிறகு, நடைமேடையை விட்டு இறங்காமல் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்து கூட்டிப்போனார். போத்தனூரில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டார்கள். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அந்த நடைமேடையிலிருந்து தெரியும். ஆதவன் அதைப் பார்த்துவிட்டான்.

"அப்பத்தா! நம்ம ஊடு! அந்தத் தொட்டிக்குப் பக்கத்துலதான?"

"ஆமாங்க சாமி."

"போலாமா?"

"இன்னைக்கு வேண்டாம்."

"சாவி இல்லீங்களா?"

"சாவி இருக்குது. உங்கம்மாகிட்டச் சொல்லீட்டு வரலை. சொல்லாமப் போகக் கூடாது."

கயல், "நாங்க அம்மாகிட்டச் சொல்லவே மாட்டோம் அப்பத்தா" என்றாள்.

"நீங்க சொல்ல மாட்டீங்க கண்ணு. நான் சொல்லிப்போடுவேன்" என்றார் அம்மா.

வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. அவர்கள் அடுத்த ரயிலில் ஏறிக் கோவைக்குத் திரும்பினார்கள். ஐந்தேகாலுக்கு வடவள்ளி வாசலில், குழந்தைகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, அம்மா தாமாகவே சொன்னார்: "இன்னைக்குப் போத்தனூர் டேசன் வரைக்கும் போனோம் அம்மணி. ஊட்டுக்குப் போகலை. ஆதவன் கேட்டான், நான் கூட்டிட்டுப் போகலை. நீ வேற யாரு வாயிலயும் கேக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

குழந்தைகளின் தாயார் இருவரையும் உள்ளே அழைத்துப்போனார். அடுத்த வாரம் அவர் குழந்தைகளை அனுப்ப மாட்டார் என்று நினைத்துக்கொண்டே அம்மா வீடு வந்திருக்கிறார். அந்த வாரம் முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை குழந்தைகளின் தாயாரே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அத்தை, நாளைக்கு ஊட்டுக்கே கூட்டிட்டுப் போங்க."

"அழுவானே கண்ணு?"

"அழுதா அழட்டுமுங்க. நானும் கூட வாரேன்."

மறுநாள் மூவரும் வந்தார்கள். அம்மா அரிசிம்பருப்புச் சாதம் செய்து, அப்பளம் பொரித்து வைத்திருந்தார். ஆதவன் அழவில்லை. நேராக உள்ளறைக்குப் போய், சுவரில் அவன் மூன்று வயதில் கிரேயானில் கிறுக்கியது இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தன் பழைய இடத்தில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினான். கயல் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவர்களின் தாயார் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி, எது எங்கே இருக்கும் என்று யாரையும் கேட்காமல் எடுத்து அடுக்கினார்.

அடுத்த நாள் அம்மா இதை எனக்குச் சொன்னபோது, "என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"இல்லை சாமி."

கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா அப்படிச் சொல்லவில்லை. அவர் இரண்டு பக்கமும் உள்ளதை உள்ளபடி மட்டுமே சொன்னார் என்பதால்தான் பின்னால் நடந்தவை நடந்தன என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வர அனுமதி கிடைத்த பிறகும் அவர்கள் வெளியே சுற்றுவதை விடவில்லை. பழகிவிட்டது. ஒரு வாரம் வீடு என்றால் மூன்று வாரம் ஊர். சில வாரம் குழந்தைகளின் தாயாரும் சேர்ந்துகொள்வார். நான்கு பேரும் ஒருநாள் சென்னிமலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, கீழே கடைவீதியில் ஆளுக்கொரு போர்வை வாங்கி வந்தார்கள். எனக்கும் ஒன்று வாங்கி அம்மா அஞ்சலில் அனுப்பினார். அதன் நிறத்தைக் கயல் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். குழந்தைகள் பக்கத்திலிருந்து எனக்கு வந்த முதல் செய்தி அதுதான்.

அம்மாவின் உடல்நிலை கெட்டதை முதலில் கவனித்தவள் கயல். "அப்பத்தா பஸ் ஏறும்போது இப்பெல்லாம் ரெண்டு கையிலயும் கம்பியைப் புடிக்கறாங்க. பானி பூரி வேண்டாம்ங்கறாங்க" என்று தன் தாயாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மறுநாளே பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். கல்லீரலில் கட்டி என்றார்கள். தாமதமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். அன்று மதியம் என் தொலைபேசியில் அவர் பெயர் வந்தது. இரண்டு ஆண்டுக்கு மேலாகி வந்த முதல் அழைப்பு.

"அத்தைக்கு ஒடம்பு செரியில்லைங்க. நீங்க வாங்க" என்றார். என்ன நோய் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நான் மறுநாள் வந்து சேர்ந்தேன். அம்மா மெலிந்திருந்தார். சிகிச்சை பற்றி நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, "சனிக்கெழமைக்குள்ள எந்திரிச்சுருவனா?" என்று மட்டும் கேட்டார்.

எழ முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்து பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தொலைபேசியைக் கேட்டு வாங்கி, வடவள்ளிக்கு அழைத்தார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மணி, இன்னைக்கு என்னால வர முடியலை. அவன் வந்தா அனுப்புவியா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, எனக்கொண்ணும் வருத்தமில்லை."

"பசங்ககிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க அத்தை" என்றார் குழந்தைகளின் தாயார். கால் மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது. ஆதவன் தலையை மட்டும் ஆட்டினானாம். கயல், "வரட்டும். ஆனா அப்பா கத்தக் கூடாது" என்று சொல்லச் சொன்னாளாம். அம்மா அதைத் திருப்பி என்னிடம் அதே வார்த்தைகளில் சொன்னார்.

நான் போகவில்லை என்றேன். என்னால் முடியாது, குழந்தைகள் பயப்படுவார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். உண்மையில் பயந்தது நான்தான். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முன்னால சீட்டுப் புடி. ஆதவனை சன்னலோரம் உக்கார வை. கயலு ரோடு தாண்டறப்பக் கையப் புடிச்சா அவளுக்குப் புடிக்காது. வண்டி வாற பக்கமா நீ நடந்துக்க, போதும். பேசலைன்னா நீயும் பேசாத. அதுகளாப் பேசும். அஞ்சரைக்கு வாசல்ல இருக்கோணும்" என்றார்.

போனேன். குழந்தைகள் சட்டை மாற்றித் தயாராக நின்றார்கள். இருவரும் வளர்ந்திருந்தார்கள். நான் வாடகைக் கார் வரவழைப்பதாகச் சொன்னேன். "நாங்க பஸ்லதான் போவோம்" என்றான் ஆதவன். அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குளக்கரைக்குப் போனோம். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா சொன்னபடி நானும் பேசவில்லை. பிறகு ஆதவன் தண்ணீரைக் காட்டி, "அது நாமக்கோழி. வாத்து இல்லை. எல்லாரும் வாத்துன்னு நெனைச்சுக்குவாங்க" என்று சொன்னான். நான் அதுவரை வாத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

திரும்பும்போது பேருந்து வழியில் நின்றுவிட்டது. மணி நாலே முக்கால். ஓர் ஆட்டோக்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வேறு ஆள் கிடைத்ததும் வர முடியாது என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வாயைத் திறந்தேன். கயல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டேன். "செரிங்க, பரவால்லைங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.

ஐந்து இருபதுக்கு வடவள்ளி வாசலில் இருந்தோம். குழந்தைகளின் தாயார் முதலில் அவர்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுத்த வாரமும் வாரீங்களா?"

"வாரேனுங்க" என்றேன்.

வீடு திரும்பியதும் அம்மா என் முகத்தை வைத்தே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. நன்றாக நடந்ததா என்று கேட்கவில்லை. என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ஆதவனுக்குத் தேங்காய் பன் வாங்கித் தரலையா?" என்றார். அடுத்த வாரம் வாங்கித் தந்தேன்.

அம்மாவுக்கு அதன்பின் ஒன்பது சனிக்கிழமைகள் இருந்தன. நான் போய் அழைத்துவர, குழந்தைகளும் அவர்களின் தாயாரும் வீட்டுக்கே வந்தார்கள். ஆறாவது வாரம் கொஞ்சம் தெம்பாக இருந்ததால் சக்கர நாற்காலியில் வைத்துக் குளக்கரைக்கு அழைத்துப்போனோம். கயல் தள்ளினாள். அம்மா ஐஸ்கிரீம் கேட்டார். நான் தயங்கினேன். "டாக்டரு கேட்டா நானேதான் கேட்டு வாங்குனேன்னு சொல்லிக்கலாம்" என்றார். முழுவதும் சாப்பிட முடியவில்லை. மீதியை ஆதவன் முடித்தான். அன்று கயல் தன் தாயாரின் தொலைபேசியில் எடுத்த படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. படத்துக்காக அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் ஆதவன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு புதன்கிழமை காலை, விடிந்து வெயில் ஏறிய பிறகு, அம்மா காலமானார். கடைசி இரண்டு நாள் நினைவு தெளிவாக இல்லை. வலி அதிகம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதை நம்புகிறேன்.

பேரக்குழந்தைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது நம் வழக்கம். விலகிப் போனவர்கள் வீட்டிலிருந்து குழந்தைகளை எப்படிக் கூப்பிடுவது என்று வாசலில் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கறையால் பேசினார்கள், குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு முடிவதற்குள் குழந்தைகளின் தாயார் இருவரையும் குளிக்கவைத்துக் கூட்டிவந்து அம்மாவின் தலைமாட்டில் நிறுத்திவிட்டார். "இதைப் புடிச்சாக் கை சுடுமா?" என்று ஆதவன் என்னிடம் கேட்டான். சுடாது என்றேன். அவன் கைக்குக் கீழே என் கையை வைத்துக்கொண்டேன். மூன்று சுற்றும் அப்படியே வந்தோம்.

நான் நாகபுரி வேலையை விட்டுவிட்டேன். இப்போது கோவையிலேயே ஒரு பட்டறையில் இருக்கிறேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வேலையில் சேர்ந்தேன்.

அம்மாவுக்கு நோயின்போது மருத்துவம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், பத்து வாரமும் காலையில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், அம்மாவுடன் பணியாற்றி, கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த ரயில்வே ஊழியர்களுக்கும், தாராபுரத்திலிருந்து வந்து காரியம் முடியும்வரை உடனிருந்த மாமன்மார்களுக்கும் என் நன்றி. எத்தனையோ வாரம் இரண்டு குழந்தைகளுடன் ஏறிய ஒரு வயதான பெண்ணுக்காக வண்டியை நிதானமாக நிறுத்தி எடுத்த, பெயர் தெரியாத ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் நன்றி. அவர்கள் கைக்கு இந்த மலர் போகாது; ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கடைசியாக, குழந்தைகளின் தாயாருக்கு. அம்மாவின் இறுதி மாதங்களில் பாதி நாள் மருத்துவமனையில் நின்றவர் அவர். இந்த மலரின் மூன்றாம் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்களை அச்சிடும்போது, அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்து அவரையே தொலைபேசியில் கேட்டேன்.

"நமக்குள்ள முடிஞ்சது முடிஞ்சதுதானுங்க. ஆனா அத்தைக்கு நான் மருமகதான்" என்றார்.

ஆகவே மூன்றாம் பக்கத்தில், மருமகள் என்ற இடத்தில், அவர் பெயர் இருக்கிறது. அது அச்சுப்பிழை அல்ல. யாரும் திருத்தம் சொல்ல வேண்டியதில்லை.